பேன்கால் மின்வாய்

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் மின்வாய்களை உருவாக்குவது எங்கள் ஆய்வுக்கூடத்தின் பணி. வழக்கமான மின்வாயைத் தலையில் பொருத்தப் பசை வேண்டும். சில மணி நேரத்தில் பசை காய்ந்துவிடும். பதிவும் அத்துடன் படுத்துவிடும். ஆகவே பசையே தேவைப்படாத உலர் மின்வாய் ஒன்றைச் செய்ய விரும்பி, மரத்தவளையின் விரல்நுனியைப் பார்த்து வடிவமைத்தோம். ஈர இலையிலும் வழுக்காத அவ்விரலில் அறுகோணத் திட்டுகளும் அவற்றுக்கிடையே மெல்லிய வாய்க்கால்களும் உண்டு. வியர்வை வாய்க்கால்களில் வடிந்துவிட, திட்டுகள் தோலை விடாமல் பற்றிக்கொள்ளும்.

சோதனைக்கெல்லாம் தலை கொடுத்தவர் எங்கள் வடிவமைப்பாளர். தலையில் பெயருக்குக்கூட முடி இல்லாத அவரை எல்லோரும் நிலா அண்ணன் என்றே அழைப்போம். அவர் தலையில் எங்கள் மின்வாய் அற்புதமாக வேலை செய்தது.

அந்த நம்பிக்கையில்தான் என் அக்காவை அழைத்து வந்தேன். அக்கா பள்ளி வேன் ஓட்டுபவள். வீட்டில் இருமுறை நினைவு தப்பி விழுந்ததால், அது வலிப்பா வெறும் மயக்கமா என்று தெரியும்வரை வண்டியைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அதை அறிய, மயக்கம் வரும் அந்தக் கணத்தில் மூளை அலை பதிவாக வேண்டும். அது சொல்லிக்கொண்டா வருகிறது? மருத்துவர் வழக்கமான மின்வாய்களைப் பொருத்தி அனுப்பியபோதும், பசை காய்ந்த பிறகே வந்து தொலைத்தது. எங்கள் மின்வாயை முயன்று பார்க்க மருத்துவர் மனமுவந்து இசைந்தார்.

அக்கா பின்னலை அவிழ்த்தாள். நாற்காலியின் முதுகு மறைந்தது. மின்வாய்களைப் பொருத்தினோம். திரையில் அலைகளுக்குப் பதிலாக வெறும் கிறுக்கல்கள் ஓடின. அழுத்திப் பார்த்தோம், இடம் மாற்றிப் பார்த்தோம். தவளை விரல் முடிமேல் மிதந்ததே தவிர, தோலை எட்டவில்லை.

"இத்தனை நாளா யார் தலையில வச்சுப் பார்த்தீங்க?" என்றாள் அக்கா.

நிலா அண்ணன் மெல்லக் கையை உயர்த்தினார்.

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குடி. மொட்டத் தலைக்கு அளவெடுத்து சீப்பு செஞ்சிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தோம். வாசல்வரை சென்றவள் திரும்பி, "ஸ்டியரிங்கப் பிடிக்காம கையே என் கை மாதிரி இல்லடி," என்றாள். அதன்பின் எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டிற்குச் சென்றபோது, அவள் தன் மகளை முன்னால் உட்காரவைத்துப் பேன் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து படிப்பக் கொண்டு வரச் சொன்னா, இதக் கொண்டு வந்திருக்கா," என்றாள் வெட்கத்துடன்.

வெள்ளைத் துணியில் விழுந்த பேன் ஒன்று, உதிர்ந்து கிடந்த முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

"அக்கா, எனக்கு ரெண்டு பேன் குடேன். உயிரோட வேணும்."

"கேட்டீங்களா? நான் மருந்துக்கு அலையறேன், இவ பேனு தானம் கேக்குறா."

மாமா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "வாய்விட்டுக் கேக்குறவங்களுக்கு இல்லன்னு சொல்லக்கூடாதும்மா. பெரிய டப்பாவாக் கொண்டு வந்தியா, கொழுந்தியா?"

ஆய்வுக்கூடத்தில் பேனை நுண்ணோக்கியில் பார்த்த நிலா அண்ணன் பெருமூச்சு விட்டார். "நம்ம தலைக்கு ஒரு நாளும் குடிவராத ஆளு."

தட்டையான உடல், பரந்து விரிந்த கால்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் முடியை வளைத்துப் பிடிக்கும் கொக்கி நகம். காடு எவ்வளவு அடர்ந்திருந்தாலும் பேனுக்குத் தோல் எட்டாமல் போனதுண்டா? எங்கள் மின்வாய்க்கும் முடியை விலக்கி இறங்கும் கால்களையும், முடியைப் பற்றும் நகங்களையும் வைத்தோம். பாதங்களில் மட்டும் தவளையின் திட்டுகளை அப்படியே விட்டுவைத்தோம்.

அக்கா மீண்டும் வந்தாள். "எங்கிட்ட இருந்து வாங்கினத என் தலையிலயே ஏத்துறியா?" என்று கேட்டபடி அமர்ந்தாள்.

"கண்ண மூடுக்கா."

கண்ணை மூடி ஓய்ந்திருக்கும் மூளைக்கென்று ஒரு சீரான அலை உண்டு. கிறுக்கல் அடங்கி, அந்த அலை திரையில் வரிசை வரிசையாக எழுந்தது. நிலா அண்ணன் இரு கைகளாலும் தம் தலையிலேயே தாளம் போட்டார்.

"என்னடி சத்தம்? கண்ணத் திறக்கவா?"

"திறக்காதக்கா. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கறோம்."

மின்வாய்களைக் கூந்தலுக்குள் மறைத்துக்கொண்டு அக்கா வீடு திரும்பினாள். மறுநாள் மாலை, துணி மடித்து முடித்துச் சட்டென்று எழுந்தவள் சரிந்தாள். மாமா தாங்கிப் பிடித்துக்கொண்டார். மின்வாய்களும் பிடியை விடவில்லை.

மருத்துவர் அந்தப் பதிவைப் பொறுமையாகப் பார்த்தார். "வலிப்புக்கான அலை ஒண்ணுகூட இல்லம்மா. நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரை உங்களுக்கு அதிகம். எழுந்திரிக்கும்போது அழுத்தம் இறங்கிடுது. குறைச்சுடலாம்."

"வண்டி?"

"மயக்கம் வராம இருக்கான்னு கொஞ்ச நாள் பார்ப்போம். அப்புறம் தாராளமா ஓட்டுங்க."

மயக்கம் வரவில்லை, மருத்துவரும் சம்மதித்தார். அக்கா வேனை எடுத்த முதல் காலையில் நான் முன்னிருக்கையில் அமர்ந்தேன். மாமா பின்னிருக்கையில் கம்பியை இரு கைகளாலும் பற்றியிருந்தார்.

"அதான் டாக்டரே சொல்லிட்டாரே, இன்னும் என்ன பயம்?" என்றாள் அக்கா, கண்ணாடி வழியே.

"மயக்கத்துக்கு எவன் பயந்தான்? நீ முழிச்சுக்கிட்டு ஓட்டுறதுக்குத்தான் எனக்கு எப்பவுமே பயம்."

அக்கா வாய்விட்டுச் சிரித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரனை அழுத்தினாள்.