யாரைத் தேய்க்கிறீர்கள்?

ஆவி வரும் இஸ்திரிப்பெட்டியைச் செய்து கடை கடையாக அனுப்பிவிட்டு, முதலாளி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். 'கசங்கல் போகும், நேரம் மிச்சமாகும்' என்றெல்லாம் விளம்பரம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. கம்பெனியில் விளம்பரம் எழுதுகிறவள்மேல் அவருக்கு எரிச்சல். கடைசியில் ஒரு மனநல டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் ஆபீஸ் சோபாவில் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, துணி தேய்ப்பதைப் பற்றிப் பேசவிட்டார். இரண்டு பேர் குறட்டை விட்டார்கள். மற்றவர்கள் பேசப் பேச டாக்டரின் முகம் மலர்ந்தது.

"யாரும் துணியைத் தேய்க்கலை, சார்," என்றார் முதலாளியிடம். "அடிமனசுல யாரையோ வெச்சுத் தேய்க்கிறாங்க. வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபம். அழுத்துறதுக்கு ஒரு சூடான பெட்டி கிடைச்சா விடுவாங்களா?"

முதலாளி தன் இஸ்திரிப்பெட்டியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். "எனக்குக்கூட என் பார்ட்னர் ஞாபகம் வருது, டாக்டர்."

அன்றே விளம்பரக்காரி புதிதாக எழுதிக்கொடுத்தாள்: 'யாராவது ஞாபகத்துக்கு வருகிறார்களா? நன்றாக அழுத்துங்கள்.' மேலே படத்தில், ஆவி பறக்க ஒரு பெண்ணின் புன்னகை.

பெட்டிகள் பறந்தன. முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவளுக்கும் பெருமைதான், தன் கணவரே ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்வரை.

கல்யாணமானதிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட மடித்தறியாத மனிதர். இப்போது சட்டை, தலையணை உறை, திரைச்சீலை, கால்மிதி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார். முடிந்ததும் முகத்தில் அப்படியொரு சாந்தம். அவள் எட்ட நின்று பார்த்தாள். என்னைத்தானோ?

டாக்டரிடமே போய்க் கேட்டாள். "நேரா கேட்டா மழுப்புவாரும்மா. ஒரு வார்த்தை சொல்லி, சட்டுனு தோணுறதைச் சொல்லச் சொல்லுங்க," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து கணவரை உட்காரவைத்தாள்.

"சும்மா ஒரு விளையாட்டுங்க. யோசிக்காம பதில் சொல்லணும். மேகம்?"

"மழை."

"சட்டை?"

"காலர்."

"கசங்கல்?"

"உன் அக்கா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. "அக்கா உங்களை என்ன பண்ணினா?"

"என் வழுக்கையைத் தட்டி, 'நல்லா பளபளன்னு இருக்கே, எதைப் போட்டுத் துடைக்கிறீங்க'ன்னு கேட்டாங்க. ஊரே கேக்குற மாதிரி!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த விளம்பரத்தை எழுதும்போது அவள் கண்ணுக்குள் வந்து நின்றதும் அதே அக்காதான். அன்று இருவரும் முறைவைத்துத் தேய்த்தார்கள். வீட்டில் கசங்கின துணியே மிச்சமில்லை.

அடுத்த வாரம் அக்காவே வந்துவிட்டாள். திரைச்சீலையைத் தடவிப் பார்த்தாள்.

"அட, நீங்களும் வாங்கிட்டீங்களா? நான் ரெண்டு வாங்கிட்டேன்டி."

"ரெண்டா? எதுக்குக்கா?"

அக்கா தங்கையையும் அவள் கணவரையும் மாறி மாறிப் பார்த்து, இனிமையாகச் சிரித்தாள்.

"ஒண்ணு போதலைடி."