வீரபாகு வீட்டுப் பலகையில் விட்டுப்போன கால்

"நாலு தறி ஓட்ற வூட்ல பெட்டிக்கடையா? பீடியும் கடலை மிட்டாயும் விக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?"

"பெட்டிக் இல்ல நைனா, பொட்டிக்! பலகை எழுதினவன் ஒரு காலை விட்டுட்டான்!"

வீரபாகுவின் குரல் தெருமுனை வரை கேட்டது. எனக்கு எதிர்வீடு. உறைமோர் கேட்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். என் வீட்டில் தயிர் இருந்தது, அது வேறு விஷயம்.

விவகாரம் இதுதான். ரோட்டைப் பார்த்த முன்னறையில் வீரபாகு பட்டுக் கட்டுகளை அடுக்கிக் கிடங்காக வைத்திருந்தார். அதே அறையில் புடவைக் கடை போட வேண்டும் என்பது மகள் காவ்யாவின் ஆசை. அவர் சரி சொல்வதற்குள் பெயர்ப்பலகை வந்து இறங்கிவிட்டது: 'காவ்யா பெட்டிக்'.

"அது இன்னாடி பொட்டிக்கு?" என்றாள் காவ்யாவின் அம்மா கற்பகம்.

சொல்வதற்கு ஆள் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கோகுல்ராஜ், புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியார். தன் அக்கா கல்யாணத்துக்குப் புடவை பார்க்க ஆரணிக்கு வந்தவர், மூன்று வாரமாகப் பார்த்துகினே இருந்தார். புடவையைத்தானா என்று நான் கேட்கவில்லை.

"பிரெஞ்சுல பொட்டிக்னா சின்னக் கடைங்க, அவ்ளோதான். இங்கிலீஷ்காரங்க எடுத்துகினு போயிதான் அதுக்குப் பவிசு வந்துச்சு."

"பாத்தியா! நான் சொன்ன பெட்டிக்கடையேதான்!" வீரபாகு துள்ளினார்.

காவ்யா முறைத்த முறைப்பில் வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. "இருங்க, நான் இன்னும் முடிக்கல. பிரெஞ்சுக்கும் முன்னாடி அது கிரேக்க வார்த்தைங்க. சரக்கு வெக்கிற கிடங்குன்னு அர்த்தம்."

வீரபாகு பட்டுக் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. "அப்போ எங்கப்பன் காலத்துலேர்ந்தே இது பொட்டிக்தான்னு சொல்லு!"

"அதான் நைனா, நீயே சொல்ட்ட. பலகை ஒண்ணு மாட்டினா போதும்," என்று ஜல்தியாகப் பிடித்துக்கொண்டாள் காவ்யா.

சொன்ன சொல்லை மாற்ற முடியாமல் வீரபாகுவே சுத்தியலை எடுத்தார். அவர் ஆணி அடிக்க, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

கடை நன்றாகவே ஓடியது. அக்கா கல்யாணம் முடிந்த பிறகும் வாத்தியார் புடவை எடுக்க வந்துகினு இருந்தார். தை மாதம் காவ்யா அவரையே கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்விட்டாள். அங்கேயும் ஒரு கடை, பிழையில்லாத பலகையோடு. ஆரணிக் கடையில் இப்போது வீரபாகு உட்கார்ந்துகொண்டு, போளூரிலிருந்து முகூர்த்தப் புடவைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கிரேக்கம் பேசுகிறார். பலகையில் விட்டுப்போன அந்தக் காலை எப்போதுதான் போடுவீர்கள் என்று கேட்டேன்.

கிரேக்கத்தில் கால் கிடையாதாம்.