கடலில் நின்ற ரிக் வண்டி

அன்பழகன் வேலை பார்க்கும் ரிக் வண்டியைக் கடலில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடப் போன வண்டி, மேப்பில் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் சுற்றிலும் நீலமாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ராசாத்தி, பரமத்தி வேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, திருச்செங்கோட்டில் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

வண்டி எங்கே இருக்கிறது என்று அதில் போனவர்களின் வீட்டார் பார்த்துக்கொள்ள ரிக் முதலாளி கேட்ட ஆப் அது. எழுதியது மைதிலி, அதாவது நான். ஆப் கேட்டால் சர்வர் இடத்தைச் சொல்லும். சர்வரே பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த இடத்தில் பூஜ்ஜியத்தைப் போட்டு வைத்திருந்தேன். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்ஜியமானால் அது நடுக்கடல். அன்று காலையிலிருந்து சர்வர் படுத்துவிட்டது.

தப்பு என்னுடையது, வண்டி கடலில் இல்லை என்று விளக்கினேன். ராசாத்தி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

“அவரு போன் எடுக்காட்டி எனக்குப் பயமில்லீங்க. காட்டுக்குள்ள போறதுக்கு முந்தி, இனி ரெண்டு நாளைக்கு டவர் இருக்காதுன்னு சொல்லிப்போட்டுத்தான் போவாரு. உங்க ஆப்பு ஏனுங்க சொல்லாம போச்சு?”

சுருக்கென்றது. ரிக் வண்டிக்காரர்கள் எல்லோரும் கடைசி ஊரில் நின்று அப்படி ஒரு போன் போடுவார்கள். படித்த எனக்கு அது தோன்றவில்லை.

உட்கார்ந்து மாற்றினேன். பத்து நொடியில் பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும், அதற்கும் வராவிட்டால் இன்னும் அதிகம் பொறுக்க வேண்டும். படுத்துக் கிடப்பதை ஓயாமல் உலுக்கினால் எழுந்திருக்காது. அதுவரை கடைசியாகத் தெரிந்ததை நேரத்தோடு காட்ட வேண்டும். அந்தக் கடைசிப் பதில் ராசாத்தியின் போனிலேயே பத்திரமாக இருந்தது. காட்டத்தான் நான் மெனக்கெடவில்லை.

புது ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். ராசாத்தி வாய்விட்டுப் படித்தார். ‘இப்போது தகவல் வரவில்லை. நேற்று மாலை 6.10க்கு வண்டி கொண்டாகான் தாண்டி நின்றது. மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.’

“இது போதுமுங்க,” என்றார். பிறகு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசிக்கிறது என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் எங்கள் நடுவே அவர் போன் கிடந்தது. திரையில் சின்ன வட்டம் சுற்றி நின்றது, பொறுத்திருந்து மறுபடி சுற்றியது. ராசாத்தி அதைப் பார்க்காமல், பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.