எட்டாம் வாய்ப்பாட்டுக்குக் கால் வேண்டும்

நான்காம் வகுப்பு டீச்சருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே இருக்கும். அன்று காலை அது அங்கிருந்து இறங்கி, உடம்பு முழுக்கப் பரவியிருந்தது.

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டமாரம். வாய்ப்பாடு சொல்லித்தரும்போது டஸ்டரால் மேசையைத் தட்டித் தாளம் போடுவாள். சாக்பீஸ் தூள் பறக்க வகுப்பே சேர்ந்து பாடும். தலைமை ஆசிரியருக்கு வைத்த பெயர் உஷ் சார். வராந்தாவில் அவர் தலை தெரிவதற்கு முன்பே அந்த ‘உஷ்’ வந்துவிடும். பள்ளிக்கூடத்தைக் கட்டியவர்கள் சுவர்களை ஏன் பஞ்சால் கட்டவில்லை என்பதுதான் அவருடைய தீராத குறை.

தாளம் ஒன்றும் டமாரத்துக்கு வேடிக்கையாக வந்துவிடவில்லை. அது தத்துக்கிளிக்காக வந்தது. அதுவும் பிள்ளைகள் வைத்த பெயர்தான்; எட்டு வயதுப் பெண். கேள்வி கேட்டால் உதடு துடிக்கும், கண் தரையைப் பார்க்கும், பதில் மட்டும் வராது. மண்டையில் ஒன்றும் இல்லை என்று எல்லா டீச்சர்களும் தலைமுழுகிவிட்டார்கள். ஒருநாள் மைதானத்தில் அவள் கயிறு தாண்டும்போது இரண்டிரண்டாக எண்ணுவதை டமாரம் கேட்டாள். இரண்டு, நான்கு, ஆறு என்று தொடங்கி, மூச்சு வாங்க வாங்க, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது அந்தக் குரல். மறுநாளே டஸ்டர் மேசையில் இறங்கியது. தத்துக்கிளி பெஞ்சுக்கு அடியில் காலைத் தட்டிக்கொண்டு, வகுப்போடு சேர்ந்து வாய் திறந்தாள். அப்புறம் தனியாகவும் திறந்தாள்.

இப்போது உஷ் சார் அவளைப் பின்கட்டு அறைக்கு அனுப்பப் போகிறார். உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறை அது. ‘மெதுவாகக் கற்பவர்கள்’ என்று கதவில் ஒரு அட்டை தொங்கும். உள்ளே யாரும் எதையும் மெதுவாகக்கூடக் கற்பிப்பதில்லை. தத்துக்கிளியின் அம்மா முந்தின நாள் பள்ளிக்கூடக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று டமாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், அந்த ரூமுல மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க டீச்சர். இவ அண்ணனும் அங்க போனவன்தான். ஒரு வருஷம் சும்மா உக்காந்துட்டு வந்தான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடம்னாலே எந்திரிச்சு ஓடுறான்.”

“நான் இருக்கேன்ல,” என்று டமாரம் சொல்லியிருந்தாள்.

அந்த வாக்கோடுதான் தலைமை ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு முன்னால் தத்துக்கிளி. மேசைக்குப் பின்னால் உஷ் சார், விரலிடுக்கில் பென்சில்.

“ஏழெட்டு?”

தத்துக்கிளியின் வலது கால் மெல்லத் தட்டத் தொடங்கியது.

“கால ஆட்டாத. நேரா நில்லு.”

கால் நின்றது. அதோடு எல்லாம் நின்றுவிட்டது. உதடு துடித்தது. கண் தரைக்குப் போனது.

“பாத்தீங்களா?” என்றார் உஷ் சார், ஏதோ தானே கண்டுபிடித்தது போல. “பாட்டுப் பாடினா மண்டையில ஏறிடுமா? பக்கத்து வகுப்பெல்லாம் காத பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. இது பள்ளிக்கூடமா, கச்சேரியா?”

“கால தட்ட விடுங்க சார். சொல்லுவா.”

“பரீட்சையில காலா எழுதப் போகுது?”

டமாரம் பல்லைக் கடித்தாள். “சார், உங்க போன் நம்பர் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“சொல்லுங்களேன்.”

அவர் சொன்னார். மூன்று எண், ஒரு நிறுத்தம், மூன்று எண், ஒரு நிறுத்தம், கடைசி நான்கு. ஒவ்வொன்றுக்கும் பென்சில் மேசையில் டக் டக்கென்று விழுந்தது.

“இப்ப பென்சில கீழ வெச்சிட்டு, ரெண்டு ரெண்டா சொல்லுங்க.”

பென்சிலை வைத்தார். முதல் இரண்டைச் சொன்னார். அடுத்த இரண்டைச் சொன்னார். மூன்றாவதில் வண்டி நின்றுவிட்டது. வாய்க்குள் முதலிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“நான் தலைமை ஆசிரியர். எனக்கு நீங்க பரீட்சை வெக்கிறீங்களா? பிள்ளைய இப்பவே பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பேச்சு முடிஞ்சுது.”

தத்துக்கிளி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட டமாரத்துக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அண்ணனைப் பார்த்துப் பார்த்து, அந்த அறை தனக்கும்தான் என்று பழகிப்போன முகம் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு டமாரம் வெளியே வந்தாள். வாக்குக் கொடுத்த வாய் கசந்தது.

வராந்தா நீளமானது, சிமெண்டுத் தரை. செருப்புச் சத்தம் எழுந்தது. நான்கு அடி போனதும் பக்கத்தில் சன்னமாக ஒரு குரல் கேட்டது.

“ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு.”

டமாரம் நின்றாள். குரலும் நின்றது. நடந்தாள். குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

“திரும்பு,” என்றாள் டமாரம். “சத்தமா சொல்லு. உன் தொண்டை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சத்தமா.”

உஷ் சார் அறை வாசலைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் போனார்கள். தத்துக்கிளியின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. உஷ் சார் பாய்ந்து வெளியே வந்தார்.

“என்ன சத்தம் இது?”

“நடக்கிறா சார். நடக்கக் கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?”

அவர் டமாரத்தை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் திரும்பினார். “நில்லு! ஏழெட்டு என்ன?”

தத்துக்கிளி நின்றாள். உதடு துடித்தது. வராந்தா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி பரவியது. அதைப் பார்த்ததும் டமாரத்துக்கு அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது. வாயைத் திறந்து ‘நட’ என்று சொல்லப் போனாள்.

அதற்குள் தத்துக்கிளியே நடந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. உஷ் சாரைச் சுற்றிக்கொண்டு, ஒரு அடி, இரண்டு அடி.

“ஏழெட்டு அம்பத்தாறு!”

“நான் நிக்கச் சொன்னேன்!”

“எட்டெட்டு அறுபத்துநாலு! ஒன்பதெட்டு எழுபத்திரெண்டு!”

பின்கட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் வலது பக்கம் திரும்பினாள். நான்காம் வகுப்புக்குள் நுழைந்து, தன் பெஞ்சில், தன் இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

உஷ் சார் வாசல் வரைக்கும் வந்தார். டமாரம் அவருக்கு முன்னால் உள்ளே போய், கதவை அடைக்கிற மாதிரி நின்றாள். எட்டி டஸ்டரை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினாள்.

“ஒன்பதாம் வாய்ப்பாடு,” என்றாள், அவர் கண்ணைப் பார்த்தபடி. “எல்லாரும் கால எடுத்து பெஞ்சுக்கு வெளிய வைங்க.”