தெல்ஃபினாவின் சட்டியைக் கழுவ மாட்டேன்

போன வருடம் வனத்து அந்தோனியார் திருநாளன்று, சதுக்கத்து நீரூற்றடியில் குந்தி உட்கார்ந்து, ஊரே பார்க்க என் நாத்தனார் தெல்ஃபினாவின் சட்டியைக் கழுவினேன். எங்கள் ஊர் வழக்கம் அது. மேலத்தெருவும் கீழத்தெருவும் பெரிய இரும்புச் சட்டிகளில் மிகாஸ் என்ற ரொட்டிப் பொரியலைக் கிளறும். எந்தச் சட்டி முதலில் காலியாகிறதோ அந்தத் தெருவுக்கு வெற்றி. தோற்ற தெருவின் சமையல்காரி ஜெயித்த சட்டியைக் கழுவ வேண்டும். கழுவியதுகூடப் பரவாயில்லை. மேலத்தெருக்காரி தெல்ஃபினா இடுப்பில் கைவைத்து நின்று, "அண்ணி, அந்தப் பக்கம் இன்னும் கரி இருக்கு பாருங்க" என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அடுத்த வருஷம் நீதான்டி கழுவப் போற!" என்று அங்கேயே கத்திவிட்டேன். அதற்கப்புறம் வருடம் பூராவும் அதே நினைப்புதான்.

மிகாஸ் ஒன்றும் மந்திர வித்தை இல்லை. காய்ந்த ரொட்டியைப் பொடியாக நறுக்கி, முதல் நாள் மாலையே தண்ணீர் தெளித்துத் துணி போட்டு மூட வேண்டும். மறுநாள் பூண்டும் பன்றிக்கொழுப்பும் வதக்கிய எண்ணெயில் கொட்டி, கை ஓயாமல் கிளற வேண்டும். சூட்சுமமெல்லாம் தண்ணீரில்தான். குறைந்தால் கல், கூடினால் களி. அதனால்தான் அந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.

திருநாள் காலையில் துணியை விலக்கிக் கையை விட்டேன். சேறு!

"ஏங்க! ரொட்டிக்குத் தண்ணி தெளிச்சீங்களா?"

என் கணவர் எலாதியோ செருப்பு மாட்டிக்கொண்டே தலையை நிமிர்த்தினார். "பின்னே? நீ மறந்துட்டு பூசைக்குப் போயிட்டேன்னு நான்தான் தாராளமா தெளிச்சு வெச்சேன்." முகத்தில் பெருமை வேறு.

"பூசைக்குப் போறதுக்கு முன்னாடியே நான் தெளிச்சுட்டேனே, பாவி மனுஷா!"

கீழத்தெரு முழுக்கக் கதவு கதவாகத் தட்டினேன். காய்ந்த ரொட்டி ஒரு துண்டுகூட இல்லை. எப்படி இருக்கும்? வாரம் பூராவும் எல்லார் வீட்டிலும் பிடுங்கிக்கொண்டு வந்தவளே நான்தானே. பேக்கரியில் இருந்ததோ சுடச்சுடப் புது ரொட்டி. அதைப் போட்டால் களி இன்னும் பெரிய களியாகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஒரே ஒரு வீடுதான் பாக்கி. அங்கே கோழிகளுக்கென்று காய்ந்த ரொட்டி மூட்டையாகத் தொங்கும்.

பின்வாசல் கதவைத் தெல்ஃபினாதான் திறந்தாள். "என்ன அண்ணி, இப்பவே கழுவ வந்துட்டீங்களா?"

"உன் அருமை அண்ணன் ரெண்டாந்தடவை தண்ணி தெளிச்சுட்டார்டி. மொத்தமும் போச்சு. கோழி ரொட்டியைக் குடு."

கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு உள்ளே போய் மூட்டையை இழுத்து வந்து என் காலடியில் போட்டாள்.

"ஏன்டி குடுக்கிற?"

"களியை ஜெயிச்சா யாரு மதிப்பா? தூக்கிட்டு ஓடுங்க. எங்க தெருக்காரங்க கண்ணுல பட்டா என்னைத் தொலைச்சுடுவாங்க."

அந்தக் கல் ரொட்டியை உடைத்து நொறுக்கி ஈர ரொட்டியோடு பிசறினேன். சதுக்கத்தில் அடுப்பு மூட்டியதும் துடுப்பை எலாதியோ கையில் கொடுத்தேன். தண்டனை! முதலில் கட்டி கட்டியாகத் திரண்டது. எதிர் அடுப்பில் தெல்ஃபினாவின் மிகாஸ் பொலபொலவென்று பொன்னாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்தாதீங்க! குத்துங்க! புரட்டுங்க!"

"கை கழண்டு விழுந்துடும்டி!"

"விழட்டும், இன்னொரு கை இருக்குல்ல!"

திடீரென்று சட்டியில் சத்தம் மாறியது. சரசரவென்று மணல் உருள்வதுபோல ஒரு சத்தம். "உதிருது! உதிருது!" என்று நான் குதித்த குதியில் தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது.

ஒரு கரண்டி எடு, ஓரடி பின்னால் போ, அடுத்தவனுக்கு வழி விடு. மிகாஸ் சாப்பிடும் முறை அது. தபால்காரர் எங்கள் சட்டியில் ஒரு கரண்டி எடுத்தார், நகரவே இல்லை. இன்னொரு கரண்டி எடுத்தார். "பின்னால போய்யா!" என்று கூட்டம் கத்தியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கரண்டிகள் எங்கள் சட்டியின் அடியைத்தான் முதலில் சுரண்டின.

தெல்ஃபினா சாம்பலும் வைக்கோலும் எடுத்துக்கொண்டு நீரூற்றடியில் உட்கார்ந்தாள். அவள் தெருக்காரர்களே, "என்ன தெல்ஃபினா, கைப்பக்குவம் மறந்துபோச்சா?" என்று குத்திக்காட்டினார்கள். அவளோ ரொட்டியைப் பற்றி மூச்சே விடவில்லை. நான் இடுப்பில் கைவைத்து நின்றேன். வருடம் முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"எல்லாரும் கேளுங்க! இந்தச் சட்டியில பாதி ரொட்டி இவளோடது!"

"சும்மா இருங்க அண்ணி!" என்று தெல்ஃபினா என்மேல் தண்ணீரை வாரி அடித்தாள். நான் அவள் பக்கத்தில் குந்தி, ஒரு பிடி வைக்கோலை அள்ளித் தேய்க்கத் தொடங்கினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள்.

"அண்ணி, அந்தப் பக்கம் இன்னும் கரி இருக்கு பாருங்க."