தற்போதைய முகவரி

ஐம்பத்து நான்கு வயது ஆண். சர்க்கரை நோய். கால் புண்ணோடு நான்கு மாதங்களில் மூன்றாம் முறையாக மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். எங்கோ ஓஹையோவில்.

கொண்டாப்பூர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, அங்கே மருத்துவர்கள் எழுதுவதைக் குறியீட்டு எண்களாக மாற்றுவது ரோஸ்லினின் வேலை. அந்த எண்களை வைத்துத்தான் அங்கே பில் போடுவார்கள். "மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர்" என்று மருத்துவர் எழுதியிருந்தார். அதற்கும் ஓர் எண் உண்டு, போட்டாள். பத்தொன்பதாம் பக்கத்தில் நர்ஸின் குறிப்பு இருந்தது: காரில் தூங்குகிறார், இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இல்லை. ரோஸ்லின் இன்னோர் எண்ணையும் சேர்த்தாள். வி 60.0. வீடில்லாதவர்.

மறுநாள் காலை, போட்ட எண்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் வித்யாலட்சுமி கூப்பிட்டாள். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் அவளுடையது; அவள் தமிழில் உள்ளூர் உருது கலந்தே வரும்.

"இந்த வி 60.0 கைக்கு மா, ஏன் போட்டே?"

"நர்ஸு எழுதியிருக்காங்கல்லா, மேடம்."

"நர்ஸ் எழுதினா நமக்கு ஆகாது. டாக்டர் எழுதணும். முதல் வாரமே சொல்லிக் குடுத்தாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. ஆனா இன்சுலின அவரு எங்க வைப்பாரு, மேடம்?"

"நீ போய் ஃபிரிட்ஜ் வாங்கிக் குடுப்பியா? வெள்ளிக்கிழமை உன் கன்ஃபர்மேஷன். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தப்பில்லாம வேணும், நீ சரியா தொண்ணூத்தஞ்சுலதான் நிக்கிறே. இது ஒண்ணு தப்புன்னு போட்டா இன்னும் மூணு மாசம் ட்ரெய்னிதான். எடுத்துடு, நான் பார்க்கலேன்னு வச்சுக்கறேன்."

"டாக்டர்கிட்டயே கேட்டு ஒரு குவெரி அனுப்பட்டுமா?"

வித்யாலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். "ஹவ், சரி, அனுப்பு. ஒண்ணே ஒண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலேன்னா தப்பு உன் பேர்ல."

புதன்கிழமை பதில் வரவில்லை. அன்று மாலை ரோஸ்லின் இரண்டு வீடுகள் பார்த்தாள். அவளுடைய விடுதியைச் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். முதல் வீட்டில் குடும்பத்துக்கு மட்டும் என்றார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, வீடு நேற்றே போய்விட்டது என்றார். நாகர்கோவிலிலிருந்து அம்மா போன் செய்தபோது, சாப்பிட்டாயிற்று என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. ஒரே வரி: பதிவில் முகவரி இருக்கிறது, வீட்டுக்குத்தான் அனுப்பினோம்.

முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். முகவரி இருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில், சகோதரி வீடு. பத்தொன்பதாம் பக்கத்தில் அந்தச் சகோதரியைப் பற்றியும் நர்ஸ் எழுதியிருந்தாள்: பேச்சுவார்த்தை இல்லை.

ரோஸ்லின் வி 60.0-ஐ அழித்தாள். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர் என்பது அப்படியே இருந்தது. கோப்பு பில்லுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை ஹெச்.ஆரில் சுபாஸ்ரீ கைகுலுக்கி, ஒரு படிவத்தை நீட்டினாள்.

"கரன்ட் அட்ரஸ் மாறலையே? லெட்டர் அங்கதான் வரும்."

விடுதியில் அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"மாறல," என்றாள் ரோஸ்லின். விடுதிப் பெயர், தெரு, அறை எண், எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள்.