கதவு கேட்ட உறவு

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோரம் இருந்த கருவியில் அவள் மறுபடியும் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. திரையில் அதே வரி: தேவையான வகை மகள், வந்த வகை வளர்ப்பு மகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடைசிக் கட்டிலில் அப்பா. திரைச்சீலைக்குக் கீழே பாதங்கள் மட்டும் தெரிந்தன. காலையில் சேர்க்கும்போது கவுண்டர்க்காரர் அவள் விரல்ரேகையைப் பதிந்துகொண்டு உறவு என்னவென்று கேட்டார். புரோகிராம் எழுதிப் பிழைக்கிற புத்தி, உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தாள். அம்மா அவரைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு நான்கு வயது. அப்பா என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை.

கவுண்டருக்கு ஓடினாள். "அண்ணே, மகள்னே மாத்திடுங்களேன்."

"சேவ் ஆயிடுச்சும்மா. இனிமே கம்ப்யூட்டர்காரங்கதான் மாத்தணும். போன் போட்டிருக்கேன்."

அவர்கள் வந்து என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வரியை மாற்றினால் போதும். புரோகிராமில் வளர்ப்பு மகள் என்ற வகையை மகள் என்ற வகையிலிருந்துதான் உருவாக்கியிருப்பார்கள். மகளுக்கு உள்ளதெல்லாம் அவளுக்கும் தானாக வந்துவிடும். அவர்கள் தொழிலில் அதற்கு இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர். ஆனால் இந்தக் கதவுக்கு எழுதிய புண்ணியவான், 'மகள் வழியில் வந்தவளா' என்று கேட்காமல், 'அச்சு அசல் மகளேதானா' என்று கேட்டு வைத்திருக்கிறான். அவளுடைய அலுவலகமாக இருந்தால் டீ ஆறுவதற்குள் சரிசெய்திருப்பாள்.

திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாள். நர்ஸ் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"சிஸ்டர், கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்."

"நான் திறந்தா என் வேலை போயிடும்மா. பெரிய சிஸ்டர்கிட்ட கேட்டிருக்கேன்." நர்ஸ் தயங்கினாள். "வாலு எங்க, வாலு எங்கன்னு கேட்டுட்டே இருக்காரு. யாரு அது?"

"நான்தான்."

விரலைச் சட்டையில் துடைத்தாள், வைத்தாள், மறுபடி துடைத்தாள், ஏதோ அழுக்குதான் தடுக்கிறது என்பது போல.

பாதங்களைச் சுற்றி ஆட்கள் ஓடினார்கள். பிறகு யாரும் ஓடவில்லை. நர்ஸ் யாரையும் கேட்காமல் வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

உடலை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கேயும் அதே கருவி. அவள் கையை நீட்டவில்லை.

"வைங்கம்மா," என்றார் அங்கிருந்தவர்.

வைத்ததுமே பச்சை விளக்கு எரிந்தது. இந்தக் கதவுக்கு எழுதியவன் சரியாகக் கேட்டிருந்தான்.

"எடுத்துக்கிச்சு," என்று சொல்லி, அவர் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை நீட்டினார். அவள் அதை வாங்கிச் சட்டையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.